நான் வாசிக்க, அக்கா வெட்ட

மார்ச் 2, சனி

ரோஜாச் செடிகளை வெட்டி முடித்தோம். முடித்தோம் என்று எழுதிவிட்டேன். வெட்டியது அக்கா. நான் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, நூலகத்திலிருந்து கொண்டுவந்த தோட்டப் புத்தகத்தை உரக்க வாசித்தேன். "வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு ஒரு விரல் மேலே, சாய்வாக." அவள் சாய்வாக வெட்டினாள். "காய்ந்த கொம்பை அடியோடு." அடியோடு வெட்டினாள். இந்த வீட்டில் தோட்ட வேலை இப்படித்தான் நடக்கிறது. கையுறை அவளுக்கு, கண்ணாடி எனக்கு.

போன வருஷம் வரை வீட்டுக்கார அம்மாவே வந்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் போவார். அவர் நட்டு வளர்த்தவைதானே: இரண்டு ஆப்பிள், ஒரு பிளம்ஸ், ஸ்ட்ராபெரிப் பாத்தி, வேலியோரம் ரோஜாக்கள், வாசல் வளைவில் கொடி ரோஜா. இப்போது மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். "நீங்களே பாத்துக்கங்க, படிச்ச பொண்ணு இருக்காளே" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அப்பா அதை இன்னும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

படித்தது தண்ணீரைப் பரிசோதிக்க. குழாய்த் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கேட்டால் சொல்வேன். ரோஜாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

ஒரு கொம்பைப் பிடித்துக் கொடுக்கலாம் என்று எழுந்தேன். "முள்ளு குத்தும், நீ உக்காரு" என்றாள் அக்கா. உட்கார்ந்தேன்.

மார்ச் 3, ஞாயிறு

வாசல் கொடி ரோஜாவும் முடிந்தது. முழங்கால் உயரத்துக்கு வெட்டியாகிவிட்டது. கத்தரியை வைத்துக்கொண்டு அக்கா ஒரு நிமிஷம் நின்றாள். "இதுவும் அதே மாதிரிதானா?" "ரோஜான்னா ரோஜாதானே" என்றேன். வெட்டிக் குவித்தது வண்டியில் ஏற்றுகிற அளவுக்குக் கொடி.

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அப்பா கையை ஆட்டினார். பாராட்டா, நிறுத்தச் சொன்னாரா, தெரியவில்லை.

மார்ச் 9, சனி

சனிக்கிழமை தோறும் அப்பாவின் இடுப்புக்குப் பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வருகிறார். அப்பா அவருக்கு வைத்திருக்கும் பெயர் மிலிட்டரி. போன இலையுதிர்காலத்தில் ஆப்பிள் பறிக்க ஏணியில் ஏறி விழுந்ததிலிருந்து அப்பாவுக்கு நாற்காலி, நடைச் சட்டம், முன்னறை ஜன்னல், இவ்வளவுதான் உலகம். எழுந்து நிற்க இன்னொரு ஆள் வேண்டும். வாரநாட்களில் அம்மா. சனி ஞாயிறில் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை என்பதால் அக்கா. அக்காவுக்குத் தையல் கடை ஐந்து நாள்.

எனக்கும் ஐந்து நாள்தான் வேலை. ஆனால் "அவ மூளையால வேலை செய்றா, சனிக்கிழமையாவது தூங்கட்டும்." இது அம்மாவின் சட்டம்.

இன்று அடுக்களையில் இருந்தபோது மிலிட்டரியின் குரல் கேட்டது.

"உனக்கு நல்ல கைம்மா. அவரு எங்க பயப்படுறாருன்னு உனக்குத் தெரியுது. பத்தாவது முடிச்சிருக்கல்ல? எங்க சென்டர்ல இந்த வேலைக்கு ஒரு வருஷப் பயிற்சி இருக்கு. சனி ஞாயிறு மட்டும்தான் வகுப்பு. ஜூன்ல ஆரம்பம், ஏப்ரல் கடைசிக்குள்ள ஃபாரம் குடுக்கணும்."

"சனி ஞாயிறா?" என்றாள் அக்கா. சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கடையில் பிடித்த துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, மடித்து அதே இடத்தில் வைக்கும்போது அப்படித்தான் சிரிப்பாள்.

மார்ச் 17, ஞாயிறு

ஸ்ட்ராபெரிப் பாத்தியில் பழைய இலைகளைக் கிள்ளி, உரம் போட்டு, வைக்கோல் பரப்பினாள் அக்கா. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"அந்தப் பயிற்சிக்குப் போகலாம்ல?"

"ஒட்டுக் கேட்டியா?"

"காதுல விழுந்துச்சு."

"விழுந்தத அப்படியே விட்டுடு. அம்மா காதுல விழ வேணாம்."

"போக ஆசையா இல்லையா?"

வைக்கோலை உதறினாள். "ஆசை இருந்தா? சனி ஞாயிறு அப்பாவ யாரு பாக்குறது? சமையல் யாரு? இந்தத் தோட்டம் யாரு?"

"நான்."

மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரை. "நீயா! பாத்ரூம் குழாய் சொட்டுச்சுன்னா கீழ கப்ப வச்சிட்டு, அதுல என்ன கலந்திருக்குன்னு பாப்ப நீ."

நானும் சிரித்தேன். ஆனால் இந்த வீட்டில் எனக்கு என்ன தெரியும் என்று உள்ளே வந்து நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன். அப்பாவின் மாத்திரைகள் எந்த டப்பாவில் இருக்கின்றன என்பதுகூடத் தெரியவில்லை. இருபத்து நான்கு வயது. விருந்தாளி மாதிரி இருந்திருக்கிறேன். நல்ல தட்டு எனக்கு. பெரிய கண்ணாடி உள்ள அறை எனக்கு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதனால்தான் யாரிடமும் கோபப்பட முடியவில்லை.

மார்ச் 30, சனி

மழை. தோட்டத்தில் வேலை இல்லை. அக்கா மிலிட்டரியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

எதிர் வீட்டு வேலியில் கொடி ரோஜா மொட்டு விட்டிருக்கிறது. நம்முடையதில் இலை மட்டும். செழிப்பான, வெட்கமே இல்லாத இலை.

புத்தகத்தை எடுத்தேன். நான் வாசித்தது செடி ரோஜாவுக்கான பக்கம். இரண்டு தாள் தள்ளி வேறு பக்கம் இருக்கிறது. கொடி ரோஜா போன வருஷத்துக் கொம்பில்தான் பூக்குமாம். பூத்து ஓய்ந்த பிறகுதான் வெட்ட வேண்டுமாம். இந்த வருஷம் ஒரு பூ கிடையாது. அப்பாவின் ஜன்னலுக்கு நேரே.

அம்மா வேலையிலிருந்து வந்ததும் சாப்பாட்டில் சொன்னேன். எல்லோரும் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

அம்மா திரும்பியது அக்காவின் பக்கம். "அவ புக்குல இருக்கறதத்தானே படிப்பா. வெட்டுறவளுக்குக் கண்ணு எங்க போச்சு?"

"அம்மா, தப்பான பக்கத்தப் படிச்சது நான்."

"நீ சும்மா இரு. செடியப் பத்தி உனக்கு என்ன தெரியும்!"

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா, என் தப்புதான்" என்று சொல்லிவிட்டு அக்கா அவருக்கு இன்னொரு கரண்டி போட்டாள்.

பாத்திரம் துலக்கும்போது அக்காவைப் பிடித்துக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னே?

"உன் தப்புன்னா வீடே ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும். என் தப்புன்னா சாப்பாட்டோட முடிஞ்சுது. எது லாபம், நீயே சொல்லு."

துடைக்கிற துணியை அவளிடமிருந்து வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

என்னைத் திட்டக்கூட இவங்களுக்கு மனசு வரமாட்டேங்குதே. ஏன்? நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?

ஏப்ரல் 14, ஞாயிறு

பிளம்ஸ் பூத்துவிட்டது. இரவில் பனி விழும் என்று வானொலியில் சொன்னதால் சாயங்காலமே பழைய படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு போனாள் அக்கா. அவள் சொல்வதற்குள் நான் மறுமுனையைப் பிடித்துவிட்டேன். பிடித்த கையைத் தட்டிவிட முடியாதே. இரண்டு பேருமாக மரத்துக்குப் போர்த்தினோம். ஜன்னலிலிருந்து பார்த்த அப்பா, "ஏய், மரத்துக்கு முக்காடா?" என்று கத்தினார். கொடி ரோஜாவுக்குப் பிறகு முதன்முறையாகச் சிரித்தார்.

ஏப்ரல் 20, சனி

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதினால்தான் தீரும்.

அக்கா செடிக்கடைக்கு மண் வாங்கப் போயிருந்தாள். நான் முன்னறையில் புத்தகத்தோடு இருந்தேன். அப்பா கேட்டார்: "அக்கா எப்ப வருவா?" இப்பதான் போயிருக்கா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "வந்துட்டாளா?" பிறகு ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். மூன்றாவது முறை கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

"பாத்ரூம் போகணுமாப்பா? நான் எழுப்பி விடுறேன்."

"வேணாம்மா. நீ படி."

"என்னால முடியும்ப்பா."

"முடியும்மா, முடியாதுன்னா சொன்னேன்... அவ வரட்டும். உனக்கு எதுக்கு இதெல்லாம்."

கைகளை நீட்டிக்கொண்டு நின்றேன். எங்கே பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெற்றியில் வியர்வை. என்னிடம் உதவி கேட்பதைவிட இந்த வலி மேல் என்று உட்கார்ந்திருக்கிறார். பெருமைக்கு ஆள் வேண்டுமென்றால் நான். எழுந்து நிற்க ஆள் வேண்டுமென்றால் அக்கா.

கேட் சத்தம் கேட்டதும் ஓடிப் போய், மண் மூட்டையை அக்காவிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, "சீக்கிரம் உள்ள போ" என்றேன். மூட்டை என் கையில் இருந்து வழுக்கி வாசலில் கொட்டியது. யாரும் திட்டவில்லை. அள்ளினேன். நகத்துக்குள் போன மண் இன்னும் இருக்கிறது. தேய்க்கவில்லை.

ஏப்ரல் 27, சனி

மிலிட்டரி வருவதற்கு முன்பே கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று வெள்ளிக்கிழமை முழுக்க மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் 'மியூட்'. அங்கே பேசாததை இங்கே பேசிவிடுவேனா? அவர் வண்டியை நிறுத்தியதும் எல்லாம் மறந்து போய், "எனக்கும் கத்துக்குடுங்க" என்பது மட்டும் வந்தது.

மேலும் கீழும் பார்த்தார். "என்னத்த?"

"அப்பாவ எழுப்ப. அக்கா உங்க பயிற்சிக்கு வரணும்னா நான் கத்துக்கணும்."

"அவ வர்றேன்னு சொல்லவே இல்லையே."

"சொல்ல மாட்டா."

ஹெல்மெட்டைக் கழற்றினார். "சரி. முதல்ல நீ நோயாளி."

உள்ளே வந்ததும் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். பிடித்து எழுப்புவதற்கான பட்டையை இடுப்பில் கட்டினார். "இப்ப உன்னால எந்திரிக்க முடியாதுன்னு நெனச்சுக்க." என் அக்குளைப் பிடித்துத் தூக்கினார். பயமாக இருந்தது, கால் தரையில் இல்லாத மாதிரி. அடுத்த முறை தூக்கவில்லை. பக்கத்தில் நின்று, என்னை முன்னால் சாயச் சொல்லி, நான் எழும்போது கூடவே எழுந்தார். "வித்தியாசம் தெரிஞ்சுதா? தூக்குனா அவரு மூட்டை. கூட எந்திரிச்சா மனுஷன்."

அப்பா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா அடுக்களை வாசலில் ஈரக் கையோடு நின்றாள்.

சாயங்காலம் காய்ந்த துணிகளை மடிக்கும்போதுதான் கேட்டாள். "யாரக் கேட்டு இதெல்லாம் பண்ற?"

"யாரையும் கேக்கல."

"அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நான்."

"உனக்கு வாயி வருமா?"

ஃபாரம் கொடுக்க செவ்வாய்க்கிழமை கடைசி நாள். வந்துதான் ஆக வேண்டும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

காலையில், அம்மா வேலைக்குக் கிளம்புவதற்கு முன். டீ குடித்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். ஜூனிலிருந்து சனி ஞாயிறு அக்கா படிக்கப் போறா, வீட்டை நான் பார்த்துக்கறேன். ஒரே மூச்சில் முடித்தேன்.

அம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு முகம் வெளுத்துப்போனது.

"நீ அப்பாவக் கழுவி விடப் போறியா? தோட்டத்துல களை புடுங்கப் போறியா? இதுக்கா உன்னப் படிக்க வச்சோம்? இதுக்கா அவ பத்தாவதோட படிப்ப நிறுத்துனா? அவ விட்டது எல்லாம் வீணாப் போகட்டும்னு சொல்றியா நீ?"

இந்த இடத்தில் நான் வழக்கம்போல ஊமையாகிவிட்டேன். அம்மா சொன்னது முட்டாள்தனம் இல்லை. அவருடைய கணக்கில் என் கையில் மண் பட்டால் அக்கா இழந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. என் சுத்தமான கைதான் அவருக்கு ஆதாரம்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் நிறுத்துனது நம்மகிட்ட காசு இல்லாததால. இவ நகம் அழுக்காகக் கூடாதுன்னு இல்ல. வீணாப் போச்சா போகலையான்னு என்னத்தான் கேக்கணும். கேட்டியாம்மா? இத்தன வருஷத்துல ஒரு தடவ கேட்டியா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அம்மா மெதுவாகக் கேட்டார். "உனக்குப் போகணும்னு இருக்கா?"

"இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "ரொம்ப இருக்கு."

அப்போது முன்னறையிலிருந்து சத்தம். "பேசி முடிச்சாச்சா? எனக்கு எந்திரிக்கணும்."

அம்மாவும் அக்காவும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க. சின்னவ வரட்டும்."

போனேன். பட்டையைக் கட்டும்போது கொக்கி இரண்டு முறை நழுவியது. அப்பாவின் கழுத்தில் சோப்பு வாசனை. இவ்வளவு பக்கத்தில் அவரைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது. காதுமடலில் ஒரு மச்சம் இருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது. முன்னால சாய்ங்கப்பா என்றேன். சாய்ந்தார். என் தோளை அழுத்தினார், நல்ல பாரம். இருவரும் ஒரு பக்கம் சாய்ந்தோம், நடைச் சட்டம் மேஜையில் இடித்தது, தண்ணீர்ச் சொம்பு உருண்டது. ஆனால் நின்றுவிட்டார்.

மூச்சு வாங்க, அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "நின்னுட்டேன்ல? அப்புறம் என்ன?"

அம்மா பையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கேட்டில் நின்று, அக்காவைப் பார்க்காமல், வேலியைப் பார்த்துச் சொன்னார்:

"ஃபாரத்துக்கு போட்டோ கேப்பாங்க. பழசக் குடுத்துத் தொலைக்காத. அதுல மூஞ்சி உர்ருனு இருக்கும்."

ஏப்ரல் 29, திங்கள்

புது போட்டோவிலும் உர்ரென்றுதான் இருக்கிறாள். ஆறு பிரதி எடுத்தார்கள். ஒன்றை நான் வைத்துக்கொண்டேன்.

மே 19, ஞாயிறு

ஒத்திகை. இன்று எதையும் தொடக் கூடாது என்று அக்காவுக்கு உத்தரவு. ஆப்பிளில் பிஞ்சு கலைக்கிற வேலை எனக்கு. ஒரு கொத்தில் ஐந்தாறு பிஞ்சு இருக்கும், ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் காய் பெருக்கும், கிளை ஒடியாது. வாசிக்க எவ்வளவு சுலபமாக இருந்தது! கிள்ளப் போனால் விரல் போகமாட்டேன் என்கிறது. எதைக் கிள்ளுவது? எல்லாம் ஒரே பச்சை.

அம்மாவுக்கு இன்று விடுமுறை. பின்னாலேயே வந்து, விழுந்ததை எல்லாம் முந்தானையில் பொறுக்கினார். "சாப்பிடுற பொருளக் கிள்ளிப் போடச் சொல்ற புக்கு என்ன புக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்து! "பக்கத்த சரியாப் பாத்தியா?" என்றும் கேட்டார். பார்த்தேன் என்றேன். நம்பவில்லை. தானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்த பிறகுதான் விட்டார்.

அக்காவால் அரை மணி நேரம்கூடச் சும்மா இருக்க முடியவில்லை. "ஐயோ, பூச்சி அரிச்சத விட்டுட்டு நல்லதக் கிள்றாளே!" பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். பார்த்தால், மிலிட்டரி கொடுத்த எலும்புப் படத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 1, சனி

அக்கா வகுப்புக்குப் போய்விட்டாள். சமையல் அடிப்பிடித்துவிட்டது. அப்பா சாப்பிட்டார். "கொஞ்சம் புகை வாசனை" என்றார், மரியாதையாக.

ஜூன் 16, ஞாயிறு

வெயில் ஏறுவதற்கு முன் களை பிடுங்கினேன். பிளம்ஸ் நிறம் மாறத் தொடங்கிவிட்டது, பறவைகளுக்கு அதற்குள் சேதி போய்விட்டது. வலை கட்ட வேண்டும். அப்பா தோட்டத்திலேயே வந்து உட்கார்ந்தார். முன்வாசலிலிருந்து மரத்தடி வரை நடந்து வந்தார், நான் கூடவே வந்தேன்.

வலையை ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கம் சுருண்டது. கொம்பில் மாட்டி இழுத்தேன். நாலைந்து காய் உதிர்ந்தது.

"அடியே! கண்ண எங்க வச்சிருக்க? அந்த முடிச்ச அவுக்காம இழுத்தா காய்தான் வரும், வலையா வரும்? அறிவு கெட்டவளே!"

கத்திவிட்டு அவரே திடுக்கிட்டார். நானும்தான். பக்கத்து வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். நான் வலைக்குள் நின்றுகொண்டு சிரித்தேன். அப்பாவுக்கு இன்னும் கோபம். "இளிக்காத. முடிச்ச அவுரு." அவிழ்த்தேன்.

அக்கா வரும்போது ஆறு மணி இருக்கும். பையை வைத்தாள். வலையைப் பார்த்தாள், ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா சாப்பிட்டாச்சா என்றாள். ஆச்சு. மாத்திரை? ஆச்சு. பயிற்சி? ரெண்டு தடவை. பிறகு என்ன கேட்பது என்று தெரியாமல் அடுக்களை நடுவில் நின்றாள்.

நான் குனிந்து சொம்பை எடுத்தவள், நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது.

"திரும்பு" என்றாள்.

"ஒண்ணும் இல்ல."

"திரும்புடி. இன்னைக்கு முதுகுதான் பாடம். யார் மேலயாவது செஞ்சு பாக்கணும்."

திரும்பி நின்றேன். எங்கே வலிக்கிறது என்று அவள் கேட்கவில்லை. தண்டுவடத்தின் ஓரமாக விரல்கள் மெதுவாக இறங்கி வந்தன. ஓர் இடத்தில் நின்றன. அங்கேதான்.